வெற்று ஸ்லைடு பச்சையான செவ்வாய்க்கிழமை

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஃபாயில் அக்கா என்று பெயர். வருகைப் பதிவேட்டில் வேறொரு பெயர் இருந்தது. அது அந்தப் பதிவேட்டுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அவளைவிடப் பதினைந்து வயது மூத்த பேராசிரியர்கூட நடைபாதையில் நின்றுகொண்டு, "ஃபாயில் அக்கா வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்.

பெயர் வந்த கதை எளிது. அவள் கையாளும் சாயத்துக்கு வெளிச்சம் ஆகாது. பட்டால் மெல்ல மெல்ல வெளிறிப்போகும். அதனால் சாயக் குப்பியை அலுமினிய ஃபாயிலில் சுற்றி வைப்பார்கள். எல்லா ஆய்வுக்கூடத்திலும் இதுதான் வழக்கம். ஆனால் அவள் கை அதோடு நிற்கவில்லை. சாயக் குப்பியைச் சுற்றிய கை பக்கத்தில் இருந்த உப்புநீர்க் குப்பியையும் சுற்றியது. அப்புறம் பேனா டப்பா, கண்ணாடிக் கூடு, மேசை மணி. ஒருமுறை பேராசிரியர் பாதி தின்று வைத்துவிட்டுப் போன பிஸ்கட் பாக்கெட்டையும் சுற்றிவிட்டாள். அவர் அதை ஏதோ ஆய்வு மாதிரி என்று நினைத்து ஒரு வாரம் குளிர்பெட்டியில் பாதுகாத்தார்.

சுற்றுவதோடு சரி, மேலே பெயர் எழுதமாட்டாள். "எது எதுன்னு எனக்குத் தெரியாதா என்ன? கை பட்டாலே சொல்லிடுவேன்" என்பாள். பத்தொன்பது வருஷம் அந்தப் பெருமைக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

வீட்டிலும் அதே கூத்துதான். சமையலறை அலமாரியைத் திறந்தால் ஒரே பளபளப்பு. உப்பு, சர்க்கரை, தேயிலை எல்லாம் ஒரே சீருடை. உள்ளே நுழைந்ததும் விளக்கை அணைப்பாள். அவள் கணவருக்கோ தெருவிளக்கு பழுதுபார்க்கும் வேலை. ஏணி வண்டியில் ஏறி ஊரெல்லாம் பல்பு மாட்டிவிட்டு வந்தால் சொந்த வீட்டில் வாசற்படி தடுக்கும். "ஊருக்கே வெளிச்சம் போடுறவன் நான். என் வீட்டுல சாப்பாட்டுத் தட்டைத் தடவிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கு" என்று புலம்புவார். "இருட்டுக்கு வாக்கப்பட்டா தடவித்தான் சாப்பிடணும்" என்பாள் அவள்.

அவள் செய்யும் வேலையைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்த கோமாளித்தனம் யாருக்கும் புரியாது. மூளையிலிருந்து எடுத்து வட்டத் தட்டில் வளர்க்கும் செல்களில் சிலது மட்டும், வளர்ந்து என்னவாகப் போகிறோம் என்று இன்னும் முடிவு செய்யாமல் இருக்கும். அவைதான் நரம்புக் குருத்தணுக்கள். பேராசிரியர் இருபது வருஷமாகத் தேடுவது அவற்றைத்தான். வெறும் நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாச் செல்லும் ஒரே மூஞ்சி. அதனால் ஒரு தந்திரம். முயலிடமிருந்து எடுத்த ஆன்டிபாடி ஒன்று உண்டு. அது குருத்தணுவுக்குள் இருக்கும் ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததைக் காட்டிக்கொடுக்க அதற்குத் தெரியாது. அதற்காக ஆட்டிடமிருந்து எடுத்த இரண்டாவது ஆன்டிபாடி வரும். இது முயல் எங்கே இருந்தாலும் போய் ஒட்டிக்கொள்ளும். இதன் முதுகில் சாயம் இருக்கும். நீல ஒளி போட்டால் அந்த இடம் பச்சையாக மின்னும். முயல் பிடிக்கும், ஆடு காட்டிக்கொடுக்கும்.

இந்த ஆடு கண்ட இடத்திலும் ஒட்டாமல் இருக்க, முதலிலேயே ஸ்லைடை ஆட்டுச் சீரத்தில், அதாவது ஆட்டு ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரில், குளிப்பாட்டி, காலி இடங்களை அடைத்துவிட வேண்டும். இவ்வளவும் செய்தாலும் அவளுக்குத் திருப்தி வராது. ஒவ்வொரு தடவையும் முயலே இல்லாத ஸ்லைடு ஒன்றைக் கூடவே செய்வாள். அதில் ஆட்டுக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை, எனவே ஒன்றும் மின்னக்கூடாது. கன்னங்கரேல் என்று இருக்க வேண்டும். அதற்கு வெற்று ஸ்லைடு என்று பெயர். அது கறுத்தால்தான் மற்ற ஸ்லைடுகளில் தெரியும் பச்சை உண்மை. அன்றன்றைக்குப் பதிவேட்டில் "வெற்று ஸ்லைடு: கறுப்பு" என்று எழுதி வைப்பாள். பேராசிரியர் கையெழுத்துப் போடுவார், நிர்வாக அதிகாரி முத்திரை குத்துவார். இருவரும் படித்ததில்லை.

இந்த வெற்று ஸ்லைடுதான் நிர்வாக அதிகாரியின் கண்ணில் விழுந்த தூசி. நல்ல மனுஷர்தான், லஞ்சம் கிஞ்சம் கிடையாது. ஆனால் எதைக் காட்டினாலும் ஒரே கேள்வி: "இதுல என்னம்மா தெரியுது?"

"ஒண்ணும் தெரியக்கூடாது சார். அதுக்காகத்தான் பண்றது."

"ஒண்ணும் தெரியாத ஸ்லைடு ஒண்ணே ஒண்ணு பண்ணி பத்திரமா வச்சுக்கிட்டு, தினம் அதையே காட்டினா என்ன?"

"அது அன்னைக்கு உள்ள ஒண்ணுமில்லை சார். இது இன்னைக்கு உள்ள ஒண்ணுமில்லை."

அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். போனவர் சும்மா இருக்கவில்லை. அவளுடைய கோப்பில் ஒரு குறிப்பு எழுதினார்: "இப்பணியாளர் பத்தொன்பது ஆண்டுகளில் எதுவும் தெரியாத ஸ்லைடுகள் 6,412 தயாரித்துள்ளார். இவரை நிரந்தரப்படுத்தப் பரிந்துரைக்க இயலவில்லை."

அவள் பத்தொன்பது வருஷமாகத் தற்காலிகப் பணியாளர். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை ஒரு தாள் வரும், கையெழுத்துப் போட்டு இன்னொரு பதினோரு மாதம் ஓட்டுவாள். நாற்பத்தைந்து வயது முடிந்தால் அந்தத் தாளும் வராது, அதுதான் விதி. அவளுக்கு அடுத்த மாதம் நாற்பத்தைந்து முடிகிறது. வியாழக்கிழமை மூன்று பேர் கொண்ட குழு வருகிறது. அன்றைக்கு நிரந்தரம் ஆனால் உண்டு. இல்லையென்றால் அவள் நுண்ணோக்கி வைத்திருக்கும் இருட்டறைக்கும் அவளுக்கும் உறவு அறுந்தது. வேறு வேலை அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. பயந்துதான் போயிருந்தாள்.

இப்படி இருக்கும்போது வந்தது அந்தச் செவ்வாய்க்கிழமை.

வழக்கம்போல் எல்லாம் செய்து முடித்து, கதவைச் சாத்தி, ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்து நீல ஒளியைப் போட்டாள். பச்சை. ஒன்றிரண்டு செல் இல்லை, மூலை முடுக்கெல்லாம் பச்சை. எப்போதும் ஒரு ஸ்லைடில் பத்து, பன்னிரண்டு மின்னினாலே பேராசிரியர் அன்றைக்கு விசில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். இப்போது ஆயிரக்கணக்கில் மின்னியது. அவருக்குச் சொல்லி அனுப்பினாள். குனிந்து பார்த்த மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை.

"எல்லாமே குருத்தணுவா! நூத்துக்கு நூறா! ஃபாயில் அக்கா, இது உலகத்துலயே யாருக்கும் கிடைச்சதில்லை!"

அதற்குள் அவள் அடுத்த ஸ்லைடை வைத்துப் பார்த்திருந்தாள். 

"சார், வெற்று ஸ்லைடும் மின்னுது."

"அதுவுமா! பாரேன்! அவ்வளவு சக்தி!"

"சார், அது மின்னக்கூடாது."

"வாழ்க்கையில ஒருநாளாவது சந்தோஷமா இரும்மா" என்று சொல்லிவிட்டு, அறிவிப்பு எழுத அவர் ஓடினார். சேதி கேட்டு நிர்வாக அதிகாரி மூச்சிரைக்க வந்தார். அவர் முதலில் கேட்டதே வெற்று ஸ்லைடைத்தான். குனிந்து பார்த்தார். பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக அதில் ஏதோ தெரிந்தது. கண் கலங்கியதோ என்னவோ, கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

"இதை முன்னாடியே செஞ்சிருக்கலாம்ல?" என்றார் செல்லமாக.

அவள் பதிவேட்டை எடுத்து எழுதினாள்: "வெற்று ஸ்லைடு: பச்சை. இன்று செய்த எதையும் நம்ப வேண்டாம்." பேராசிரியர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அதிகாரி முத்திரையை ஒருமுறைக்கு இருமுறை குத்தினார். அதே கையோடு அவளை நிரந்தரப்படுத்தும் உத்தரவையும் தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டார்; குழு கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

புதன்கிழமை காலை அதிகாரி ஒரு பஞ்சுக்குச்சியோடு இருட்டறைக்கு வந்தார். கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்து எடுத்து, "சும்மா பாரும்மா" என்றார். அவளுக்கும் எங்கே கோளாறு என்று தெரிய வேண்டியிருந்தது. அதே முறையில் செய்து பார்த்தாள். அதிகாரியின் கன்னம் பச்சைப் பசேலென்று மின்னியது.

"அப்போ எனக்குக் கன்னத்துலயும் மூளைக் குருத்தணு இருக்கா?"

"சார், அப்படி இருக்காது, இதுல ஏதோ..."

"எங்க அப்பாவுக்கும் இருந்திருக்கும். அவரும் கன்னத்துல கை வச்சுக்கிட்டுத்தான் யோசிப்பார்."

அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தம் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார். மதியத்துக்குள் இருட்டறை வாசலில் வரிசை நின்றது. காவலாளி, தட்டச்சர், மின்தூக்கி ஓட்டுபவர், எல்லோருக்கும் கன்னத்தில் மூளை இருந்தது. கேன்டீன்காரர் வரிசையில் நிற்க நேரமில்லாமல் வெங்காயத் தோல் ஒன்றை மட்டும் கொடுத்தனுப்பினார். அதுவும் மின்னியது. அன்று சாயந்திரம் அவர் வெங்காயம் நறுக்கவில்லை. "அதுக்கும் மூளை இருக்குங்கிறாங்க, எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்று ஒதுங்கிவிட்டார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். பச்சையெல்லாம் மூளை என்று நம்பிய கட்டடம் அது ஒன்றுதான்.

அவள் மட்டும் எதைத் தப்பாகச் செய்தோம் என்று மண்டையைக் குடைந்துகொண்டே வீட்டுக்குப் போனாள். சாயம் சரி. கழுவியது சரி. ஆடும் சரி, முயலும் சரி.

வாசலிலேயே கணவர் பிடித்துக்கொண்டார். நிரந்தரம் என்ற செய்தி அவருக்கு எட்டிவிட்டது. "உட்காரு, உட்காரு. இன்னைக்கு நான்தான் டீ போடுறேன்" என்று இருட்டில் தட்டுத்தடுமாறிப் போட்டுக்கொண்டு வந்தார். அவள் ஒரு வாய் குடித்தாள். கடல் தண்ணீர் மாதிரிக் கரித்தது.

"என்னங்க இது, உப்பைப் போட்டிருக்கீங்க!"

"எல்லாம் ஃபாயிலுக்குள்ள இருக்கு. எது சர்க்கரை, எது உப்புன்னு நான் என்னத்தைக் கண்டேன்? வெளியே ஒரே மாதிரிதானே இருக்கு!"

கோப்பையைப் பிடித்த கை அப்படியே நின்றது. குளிர்பெட்டியின் இரண்டாவது தட்டு அவள் கண்முன் வந்தது. ஆட்டுச் சீரம் ஒரு புட்டி. பக்கத்தில், வேறொரு வேலைக்காக வாங்கிய முயல் சீரம் ஒரு புட்டி. ஒரே உயரம், ஒரே பருமன். சீரத்துக்கு வெளிச்சத்தால் ஒரு கேடும் கிடையாது. ஆனாலும் இரண்டையும் அவள்தான் சுற்றி வைத்திருந்தாள்.

ஆட்டுச் சீரத்துக்குப் பதில் முயல் சீரத்தில் ஸ்லைடைக் குளிப்பாட்டியிருக்கிறாள். ஸ்லைடு முழுக்க முயல். முயல் இருந்த இடமெல்லாம் ஆடு போய் ஒட்டிக்கொண்டது. கன்னமானால் என்ன, வெங்காயமானால் என்ன?

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானை விழுந்தால் என்ன சத்தம் கேட்குமோ அந்தச் சத்தம் அவளுக்குள் கேட்டது. அவமானம் பிடுங்கித் தின்றது. கணவரிடம் ஒன்று விடாமல் சொன்னாள்.

அவர் உப்பு டீயை ஒரு வாய் குடித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, கீழே வைத்தார். "நுணலும் தன் வாயால் கெடும். நாளைக்கு ஒருநாள் வாயை மூடிக்கிட்டு இரு. கையெழுத்து ஆகட்டும். வெள்ளிக்கிழமை மெதுவாச் சொல்லிக்கலாம்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள சார் ஊருக்கெல்லாம் சொல்லிடுவாரு."

"சொல்லட்டுமே. யாரு வந்து உன் புட்டியைப் பிரிச்சுப் பார்க்கப் போறாங்க?"

"யாரும் பார்க்க மாட்டாங்க. அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றாள். அவர் எழுந்து போய்ப் புதிதாக டீ போட்டார், இந்தத் தடவை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு.

வியாழக்கிழமை விடியும்போதே போய்விட்டாள். முதலில் இரண்டு புட்டியையும் பிரித்துப் பார்த்தாள். அவள் நினைத்தது சரிதான். ஆட்டுச் சீரத்தை எடுத்து முதலிலிருந்து எல்லாம் செய்தாள். குழு வந்து சேர்வதற்குள் மேசையில் இரண்டு தட்டுகள் தயாராக இருந்தன: ஒன்றில் செவ்வாய்க்கிழமை ஸ்லைடுகள், ஒன்றில் இன்றைய ஸ்லைடுகள். நடுவில் பேராசிரியரைப் பிடித்துச் சொல்லப் பார்த்தாள். அவர் கழுத்துப் பட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "அப்புறம் சொல்லும்மா, அப்புறம்."

பதினோரு மணிக்குக் குழு வந்தது. தலைவி தடித்த கண்ணாடி போட்ட மருத்துவர். கூட வந்த இருவர் அவர் தலையாட்டினால் ஆட்டுகிறவர்கள். அதிகாரி உத்தரவைக் கையிலேயே வைத்திருந்தார். "முதல்ல வெற்று ஸ்லைடைக் காட்டும்மா. அதுதான் விசேஷம்" என்றார்.

அவள் கை இடதுபக்கத் தட்டுக்குப் போனது. செவ்வாய்க்கிழமை ஸ்லைடு. அதை வைத்தால் போதும், ஒரு வார்த்தை பேச வேண்டாம். ஓய்வு பெறும்வரை இன்னும் பதின்மூன்று வருஷம் இந்த இருட்டு அவளுடையது.  அந்த ஸ்லைடை எடுத்தாள். திரும்ப வைத்தாள். வலதுபக்கத்திலிருந்து எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள்.

தலைவி குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே?"

"வேற வை, வேற வைம்மா!" என்று அதிகாரி பதறினார்.

"இதுல ஒண்ணும் தெரியக்கூடாதுங்க மேடம். செவ்வாய்க்கிழமை தெரிஞ்சது என் தப்பு." இரண்டு புட்டிகளையும் எடுத்து மேசையில் வைத்து, முழுக் கதையையும் ஒரே மூச்சில் சொன்னாள். உப்பு டீயைக்கூட விடவில்லை.

பேராசிரியர் யாரையும் பார்க்கவில்லை. அவளே இன்றைய அடுத்த ஸ்லைடை வைத்து, "பாருங்க சார்" என்றாள். அவர் குனிந்தார். இருட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை. எண்ணினார்.

"பதினொண்ணு" என்றார். "செவ்வாய்க்கிழமை ஆயிரக்கணக்குல இருந்துச்சேம்மா." குழந்தையிடமிருந்து பொம்மையைப் பிடுங்கியது போலிருந்தது அந்தக் குரல். 

"இந்தப் பதினொண்ணும் நிஜம் சார்."

அவர் மறுபடி குனிந்தார். மறுபடி எண்ணினார். இந்த முறை நிமிரவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதிகாரிக்கு வேறு கவலை. மெல்லப் பக்கத்தில் வந்து கேட்டார்: "அப்போ என் கன்னம்?"

"அது கன்னம்தான் சார்."

"வெங்காயம்?"

"வெங்காயம் சார்."

அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மேடம், இந்த உத்தரவை ரத்து பண்ணிடலாம். இது அந்தப் பச்சையை நம்பிப் போட்டது."

"கொண்டாங்க" என்று தலைவி உத்தரவை வாங்கி விளக்குப் பக்கம் போய் வாய்விட்டுப் படித்தார். "'செவ்வாய்க்கிழமை பதிவேட்டில் இவர் எழுதியுள்ள குறிப்பே இவரது திறமைக்குப் போதிய சான்றாகும். எனவே இவரை நிரந்தரப்படுத்தலாம்.' பதிவேடு எங்கே?"

பதிவேடு வந்தது. அதையும் வாய்விட்டே படித்தார்: "'வெற்று ஸ்லைடு: பச்சை. இன்று செய்த எதையும் நம்ப வேண்டாம்.'"

தலைவி விரலை அந்த வரிக்குக் கீழே நகர்த்தினார்.

"கீழே ரெண்டு முத்திரை இருக்கே, யாரோடது?"

"என்னோடதுதான் மேடம்."

"படிச்சிட்டுத்தானே குத்தினீங்க?"

அதிகாரிக்கு முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் வந்தால் உதைக்கிறது. அவர் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் நுண்ணோக்கியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் அதிகாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "படிச்சிட்டுத்தான் மேடம்" என்றார்.

"அப்படின்னா உத்தரவுல ஒரு பிழையும் இல்லை. அந்தக் குறிப்பு சரியாத்தான் இருக்கு." தலைவி பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். மற்ற இருவரும் தலையாட்டிவிட்டுப் போட்டார்கள். போகும்போது தலைவி அவளிடம் திரும்பி, "ஃபாயில் மேல பேர் எழுதும்மா" என்றார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன; எதையும் அடக்கவில்லை.

அன்று சாயந்திரம் வீட்டில் சமையலறை விளக்கைப் போட்டுவைத்து, உப்பு, சர்க்கரை, தேயிலை என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதினாள். கணவர் வாசலில் நின்று, வீடு மாறி வந்துவிட்டோமோ என்று ஒருகணம் தயங்கினார்.

மறுநாள் வேலை முடித்துப் பதிவேட்டில் எழுதினாள்: "வெற்று ஸ்லைடு: கறுப்பு." பதிவேடு அதிகாரியின் அறைக்குப் போனது. கன்னத்தின் படம் இன்னும் அங்கேயேதான் தொங்கியது. கழற்ற அவருக்கு மனம் வரவில்லை. முத்திரையைக் கையில் எடுத்தவர் அதைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியைப் படித்தார். எழுந்து நடைபாதையில் நடந்து வந்து, இருட்டறைக் கதவை ஒரு விரற்கடை திறந்தார்.

"இன்னைக்கும் ஒண்ணும் தெரியலையாம்மா?"

"இல்லை சார். ஒண்ணுமே தெரியலை."

"நல்லது" என்றார் அதிகாரி, வெளிச்சம் உள்ளே போகாமல் கதவை மெல்லச் சாத்தினார்.